மாம்பழமும் பாதிச் சமையலும்

வைகாசி பிறந்தால் மாம்பழ விலை இறங்கும். சித்திரையில் விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்தவர்கள்கூட ஐந்து கிலோ, பத்து கிலோ என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். சிக்கல் வீட்டுக்கு வந்தபின்தான் ஆரம்பிக்கும். ஒரே கூடையில் இருந்த பழமெல்லாம் ஒரே நேரத்தில் பழுக்கும். முதல் நாள் ஆளுக்கு ஒன்று, மறுநாள் மில்க் ஷேக். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாம் என்றால் அவர்கள் வீட்டிலும் அதே கதைதான். நாலாம் நாள் காம்புப் பக்கம் கறுக்கத் தொடங்கிவிடும்.

ஃப்ரீசருக்கு வீட்டில் இரண்டு வேலை உண்டு. ஒன்று, இப்படிப் பருவத்தில் கொட்டிக் கிடப்பதைப் பருவம் தாண்டிக் காப்பாற்றித் தருவது. மற்றது, இரவு ஏழரைக்குக் களைத்து வீடு திரும்புகிறவர் மறுபடி ஒரு மணி நேரம் அடுப்படியில் நிற்காமல் பார்த்துக்கொள்வது. இரண்டாவதைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேல்நாட்டுச் சமையல் புத்தகங்கள் முழுச் சாப்பாட்டையும் சமைத்துப் பெட்டி பெட்டியாக உறைய வைக்கச் சொல்லும். லசான்யாவுக்கு அது சரி. கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொத்தமல்லி தூவி இறக்கும் சாம்பாருக்கு அது ஒத்துவராது. மணம்தான் முதலில் போகும். நம் வீடுகளில் உறைய வைக்க வேண்டியது சமையலின் முதல் பாதியை. ஊறவைப்பது, உரிப்பது, துருவுவது, வதக்குவது, வேகவைப்பது எல்லாம் அதில் அடங்கும். புளி கரைத்து விடுவதும் தேங்காய் அரைத்து ஊற்றுவதும் தாளிப்பதும் அன்றன்றைக்கே நடக்கட்டும். நேரத்தைத் தின்பது முதல் பாதி. ருசியைத் தருவது கடைசிப் பாதி.

முதலில் உங்கள் பெட்டி

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களைப் பார்த்து ஃப்ரீசரின் குளிரை எடைபோடாதீர்கள். அவை மின்சாரச் சிக்கனத்துக்கானவை. ஃப்ரீசரின் குளிருக்குத் தனிக் குறி உண்டு. சில மாடல்களில் ஃப்ரீசர் கதவின் மேலேயே பொறித்திருப்பார்கள். ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6 டிகிரி செல்சியஸ், இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. மாதக்கணக்கில் உணவை வைக்க மைனஸ் 18 வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்களில் பல அந்தக் குளிரை எட்டுவதில்லை. குறி இல்லாவிட்டால், இரவு முழுக்க ஃப்ரீசரில் இருந்த ஐஸ்கிரீமில் கரண்டியை இறக்கிப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் உங்கள் ஃப்ரீசர் போதிய குளிரில் இல்லை. கீழே நான் மாதக் கணக்கு சொல்லும் இடங்களையெல்லாம் நீங்கள் வாரக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். மூன்று, நான்கு வாரம் கிடைத்தாலும் அது உபயோகம்தான்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டிக்கொள்ளும். அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் போனால் கரைத்துவிடுங்கள். கத்தியால் குத்திப் பெயர்க்க வேண்டாம். உள்ளே ஓடும் குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும்.

அடுத்தது வேகம். உணவு மெதுவாக உறைந்தால் அதிலுள்ள தண்ணீர் பெரிய பெரிய பனிப் படிகங்களாக வளர்ந்து, பழத்தின் செல் சுவர்களைக் கிழித்துவிடும். வெளியே எடுத்து இளகும்போது தண்ணீர் கொட்டி, துண்டு தொளதொளவென்று ஆவது இதனால்தான். சீக்கிரம் உறைந்தால் படிகம் சிறியதாக இருக்கும், சேதமும் குறையும். கனடாவின் லாப்ரடார் பகுதியில் 1912 முதல் சில ஆண்டுகள் இருந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் இதை அங்கே கண்ணால் கண்டார். இன்யூட் மக்கள் பிடித்துப் போட்ட மீன் கடுங்குளிர் காற்றில் உடனே உறைந்தது. மாதங்கள் கழித்துச் சமைத்தபோதும் புதிது போலவே இருந்தது. அதைப் பார்த்து அவர் 1920களில் செய்த இயந்திரங்களிலிருந்துதான் இன்றைய உறை உணவுத் தொழில் வளர்ந்தது. நம் வீட்டில் அந்தக் குளிர் கிடையாது. ஆனால் மெல்லிசாகப் பரப்பி வைப்பது நம் கையில் இருக்கிறது. 50, 60 லிட்டர் ஃப்ரீசரில் ஒரே நாளில் ஒன்றரை, இரண்டு கிலோவுக்கு மேல் புதிதாகத் திணிக்காமல் இருப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

பழம்

மாம்பழத்திலிருந்து தொடங்குவோம். கையில் அழுத்தினால் லேசாக மட்டும் விட்டுக்கொடுக்கும் பழமாக எடுங்கள். ரொம்பக் கனிந்தது கூழுக்குப் போகட்டும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, கொட்டையின் இரு பக்கமும் கன்னம் கன்னமாகச் சீவுங்கள். தோலை வெட்டாமல் சதையில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தோல் பக்கத்திலிருந்து உள்நோக்கித் தள்ளினால் சதுரங்கள் எழும்பி நிற்கும். அடியில் சீவி எடுத்துவிடலாம். ஒரு எவர்சில்வர் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மூடாமல் மூன்று, நான்கு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். விரல் நகத்தால் தட்டினால் கல் மாதிரி சத்தம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கவர். இந்தத் தட்டு வேலையைத் தவிர்த்து நேரே கவரில் போட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே பாறையாகிவிடும். ஆறு துண்டு வேண்டும் என்றாலும் ஒரு கிலோவையும் இளக்க வேண்டியிருக்கும். கவரில் போட்டதும் காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றுங்கள். உள்ளே காற்று இருந்தால் பனிக்கட்டி நேரே ஆவியாகி, துண்டுகளில் வறண்ட வெள்ளைத் திட்டுகள் படியும். அது கெட்டது அல்ல, ஆனால் ருசி இருக்காது.

கூழாக வைப்பதானால் நார் அதிகமுள்ள பழத்தை வடிகட்டியில் தேய்த்து எடுங்கள். நாலு கப் கூழுக்கு இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் அரை எலுமிச்சைச் சாறும் போதும். எலுமிச்சை, பழம் பழுப்பாவதைத் தடுக்கும். மைனஸ் 18 டிகிரியில் துண்டும் கூழும் எட்டு மாதம் நிற்கும். ஆனியில் வைத்ததைத் தை, மாசி வரை எடுக்கலாம். ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். உறைந்து இளகிய மாம்பழம் தட்டில் வைத்துச் சாப்பிடும் பழமாகத் திரும்பி வராது. மாம்பழப் பச்சடி, புளிசேரி, கேசரி, ஷேக் எல்லாவற்றுக்கும் அது அருமையாக உதவும். சாம்பாருக்கும் மீன் குழம்புக்கும் போடும் மாங்காய்த் துண்டுகளையும் இதே முறையில் வைக்கலாம்.

பலாப்பழம் இதைவிடச் சுலபம். பண்ருட்டிப் பழம் ஒன்று வீட்டுக்கு வந்தால் நாலு பேர் குடும்பம் ஒரே மூச்சில் தீர்க்க முடியாது. கையில் எண்ணெய் தடவிச் சுளை எடுத்து, கொட்டையை நீக்கி, தட்டில் பரப்பி உறைய வையுங்கள். இரண்டு கவர் போட்டு மூடியுள்ள டப்பாவுக்குள் வைக்காவிட்டால் ஐஸ் தட்டிலிருந்து பால் வரைக்கும் பலா மணம் ஏறிவிடும். எடுத்த பத்து நிமிடத்தில், முழுதாக இளகுவதற்கு முன் பாதி உறைந்த நிலையில் சாப்பிடுங்கள். குழந்தைகள் ஐஸ்கிரீமைக் கேட்க மாட்டார்கள். கொட்டைகளை வேகவைத்து, தோல் உரித்து வைத்தால் குழம்புக்கும் பொரியலுக்கும் ஆகும்.

சீத்தாப்பழத்துக்கு ஃப்ரீசரைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மற்ற பழங்களை ஜாம் காய்ச்சி வைக்கலாம். சீத்தாவின் கூழைச் சூடாக்கினால் கசப்பு ஏறும். அதனால் விதை நீக்கிய கூழில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டு, சின்னச் சின்னக் கிண்ண அளவாகக் கட்டி உறைய வைப்பதே சரி. நாவல் ஆனி, ஆடியில் சில வாரம் மட்டும் கிடைக்கும். கழுவித் துடைத்து அப்படியே வைக்கலாம், கொட்டை எடுத்த சதையாகவும் வைக்கலாம். அந்த ஊதா நிறம் மாதங்கள் கழித்தும் மங்குவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைக் காம்பு நீக்கி உறைய வைத்தால் ஜூஸுக்குத் தயார். நெல்லிக்காய் உறைந்து இளகும்போது செல்கள் உடைவதால் சாறு சுலபமாகப் பிழியவரும். தோல் கறுத்த வாழைப்பழத்தை மட்டும் உரித்துவிட்டு வையுங்கள். தோலோடு வைத்தால் பிறகு உரிப்பது பெரும்பாடு.

அன்னாசியையும் பப்பாளியையும் பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. குளிர் அவற்றைத் தூங்க வைக்கும், அழிக்காது. ஆகவே உறைந்த அன்னாசியைப் பாலில் அடித்துச் சற்று நேரம் வைத்தால் கசக்கும். அடித்த உடனே குடித்துவிடுங்கள், அல்லது பாலில்லாமல் ஜூஸாக அடியுங்கள். தர்பூசணியை உறைய வைப்பது வீண்.

பாதிச் சமையல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் வாரம் முழுவதற்கும் கை கொடுக்கும். நான் முதலில் சொல்வது பருப்பு. துவரம்பருப்பை மஞ்சளோடு குழைய வேகவைத்து, உப்பு போடாமல், ஒரு சாம்பாருக்கு வேண்டிய அளவு தனித்தனிக் கவரில். கொண்டைக்கடலை, காராமணி, பச்சைப்பட்டாணி ஆகியவற்றை முந்தின இரவே ஊறவைத்து, குக்கரில் வேகவைத்து, கொஞ்சம் வெந்த தண்ணீரோடு. சனிக்கிழமை இரவு ஊறப்போட மறந்ததால் ஞாயிறு சுண்டல் இல்லை என்ற கதை இதோடு முடியும்.

அடுத்தது வெங்காயத் தக்காளித் தொக்கு. வெங்காயம் ஒரு கிலோ, தக்காளி ஒன்றரைக் கிலோ, இஞ்சிப் பூண்டு விழுது நான்கு மேசைக்கரண்டி. எண்ணெய் பிரியும் வரை வதக்குங்கள், அவசரப்பட வேண்டாம். மிளகாய்த் தூளும் கரம் மசாலாவும் இதில் போட வேண்டாம். அவற்றைப் போடாமல் வைத்தால்தான் ஒரே கவர் இன்றைக்குக் குருமாவாகவும் நாளைக்கு முட்டைக் குழம்பாகவும் ஆகும். வதக்கக்கூட நேரமில்லாத வாரம் தக்காளியை முழுதாகவே கழுவித் துடைத்து உறைய வைத்துவிடுங்கள். எடுத்ததும் குழாய்த் தண்ணீரில் காட்டினால் தோல் தானாகக் கழன்று வரும்.

தேங்காய்த் துருவல் ஃப்ரீசருக்கென்றே பிறந்த பொருள். இரண்டு, மூன்று காயை ஒன்றாகத் துருவி, மெல்லிசாகத் தட்டிக் கவரில் வைத்தால் வேண்டிய அளவு பிய்த்து எடுக்கலாம். மூன்று மாதம் ருசி கெடாது. சட்னிக்கு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரையுங்கள், எண்ணெய் திரளாது.

காய்களில் முருங்கைக்காய், பட்டாணி, மொச்சை மூன்றும் நன்றாக நிற்கும். காய்களுக்கு ஒரு விதி உண்டு: கொதிக்கும் தண்ணீரில் ஒன்றரை, இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டும். நொதிகளை அந்தச் சூடு நிறுத்திவிடும். இல்லாவிட்டால் ஃப்ரீசரிலேயே நிறமும் மணமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். தை மாத மொச்சையில் பிதுக்குப் பருப்பு எடுப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். இரவு முழுக்க ஊறிய மொச்சையை ஒவ்வொன்றாக விரலிடுக்கில் அழுத்த, பச்சைப் பருப்பு வழுக்கி வெளியே விழும். ஒரு கிலோ பிதுக்க மூன்று பேர் உட்கார வேண்டும். அந்த உழைப்பை ஒரு வேளைக் குழம்போடு முடித்துவிடக் கூடாது. இரண்டு கிலோவாகப் பிதுக்குங்கள். பாதியைச் சுடுதண்ணீரில் போட்டெடுத்து, துணியில் ஈரம் உலர்த்தி, தட்டில் பரப்பி உறைய வையுங்கள். சித்திரையில் பிதுக்குப் பருப்புக் குழம்பு வைத்தால் விருந்தாளி நம்ப மாட்டார்.

இட்லியைப் பற்றிப் பலருக்கும் சந்தேகம் உண்டு. வேகவைத்த இட்லி ஃப்ரீசரில் நன்றாகவே இருக்கும், ஃப்ரிட்ஜில்தான் கெடும். அரிசி மாவுச்சத்து உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் குளிரில்தான் மிக வேகமாக இறுகும். அதாவது உங்கள் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு. மைனஸ் 18 டிகிரியில் அந்த இறுக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே சூடு ஆறியதும் நேரே ஃப்ரீசர், அங்கிருந்து நேரே இட்லிச் சட்டி. எட்டு, பத்து நிமிட ஆவி போதும். இளக்குகிறேன் என்று முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றாதீர்கள். மாவை உறைய வைக்க நான் சொல்ல மாட்டேன். பொங்கிய காற்று போய் இட்லி தட்டையாகும். சப்பாத்தியை இரு பக்கமும் லேசாக வாட்டி, நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்கலாம்.

குழம்பு வகையில் முழுதாகச் சமைத்து வைக்கத் தகுந்தவை கோழிக் குழம்பும் மட்டன் குழம்பும்தான்; இரண்டு மாதம் வரை வைக்கலாம். உருளைக்கிழங்கு போடாமல் செய்யுங்கள், உறைந்து இளகினால் அது மணல் மணலாகும். அவித்த முட்டை ரப்பராகும். மோர்க் குழம்பும் அவியலும் திரிந்துபோகும். வத்தக் குழம்புக்கு ஃப்ரீசரே வேண்டாம், புளியும் நல்லெண்ணெயும் ஃப்ரிட்ஜிலேயே அதைக் காக்கும். மீனில் மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன்களை இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கொழுப்பில் சிக்கு வாடை ஏறுவதைக் குளிர் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது.

ஆற வைப்பதும் கட்டுவதும்

இந்தப் பகுதியை மட்டும் அவசரமாகப் படிக்க வேண்டாம். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை. அவை பெருகாமல் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். உள்ளே போகும்போது என்ன இருந்ததோ அதுவே வெளியே வரும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்தது அந்த வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது; நம் சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. பெரிய பாத்திரக் குழம்பு அடுப்பு மேடையில் தானாக ஆற ஐந்து மணி நேரம்கூட ஆகும். அகலமான தட்டுகளில் மாற்றி, தண்ணீரும் ஐஸும் உள்ள பேசினில் வைத்துக் கிண்டினால் அரை மணியில் ஆறும். சோற்றுக்கு இது மிக முக்கியம். சோற்றில் வளரும் ஒரு பாக்டீரியாவின் வித்துக்கள் கொதியிலும் சாவதில்லை, அது உண்டாக்கும் ஒரு நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. நாளெல்லாம் வெளியே இருந்த சோற்றை ஃப்ரீசர் காப்பாற்றாது.

கனமான ஜிப் கவரில் நிரப்பி, படுக்க வைத்து, இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டி உறைய வையுங்கள். உறைந்தபின் புத்தகங்களை நிறுத்துவது போல வரிசையாக நிறுத்தலாம். டப்பாவாக இருந்தால் மேலே ஒரு விரல் இடம் விடுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும், கண்ணாடி பாட்டில் அதனால்தான் வெடிக்கிறது. செய்தித்தாளில் எதையும் சுற்ற வேண்டாம். அச்சு மை உணவில் ஏறும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே எச்சரித்திருக்கிறது.

கவர் காலியாக, ஈரமில்லாமல் இருக்கும்போதே மார்க்கரால் பெயரும் தேதியும் அளவும் எழுதிவிடுங்கள். உறைந்தபின் தொக்கும் மட்டன் குழம்பும் ஒரே நிறத்தில்தான் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, எடுக்க எடுக்க அடித்துவிடுங்கள். பட்டியல் இல்லாத ஃப்ரீசரில் பழையது அடியிலேயே கிடக்கும்.

இளக்குவதற்கு இரண்டு வழிதான். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு, கசிவு மற்றதில் படாமல் இருக்க ஒரு தட்டின் மேல்; அல்லது கவரிலிருந்து நேரே அடுப்புக்கு. மெல்லிய கவர்கள் என்பதால் தொக்கும் பருப்பும் சில நிமிடத்தில் இளகிவிடும். குழம்பு தளதளவென்று கொதிக்க வேண்டும், சூடானால் போதாது. காலையில் கறியை சிங்க்கில் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்குப் பயப்பட வேண்டாம். கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் உறைநிலையைப் பிடித்து வைக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். இது தனி ஃப்ரீசருக்கான கணக்கு. ஃப்ரிட்ஜோடு சேர்ந்த சிறிய ஃப்ரீசரில் குறைவாகவே எதிர்பாருங்கள். காலி இடத்தைத் தண்ணீர் பாட்டில்களால் நிரப்புங்கள், வாய் வரை ஊற்றாமல். ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிடுங்கள். ஊரிலிருந்து திரும்பும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. டம்ளரின் அடியில் உறைந்து கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது.

புயல் வேறு விஷயம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டா கிராமங்களில் வாரக்கணக்கில் இல்லை. கடலோர மாவட்டத்தில் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் கறியும் மீனும் சேர்க்காமல், இருப்பதைத் தின்று குறைப்பதே புத்திசாலித்தனம். நான் நிரப்பத் தொடங்கச் சொல்லும் மாதம் தை.

நீண்ட மின்தடைக்குப் பின் கதவைத் திறந்தால் ஒவ்வொரு கவரையும் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் இன்னும் பனிக்கட்டி இருந்தாலோ, ஃப்ரிட்ஜின் குளிர் அளவுக்குச் சில்லென்று இருந்தாலோ மறுபடி உறைய வைக்கலாம். ருசி கொஞ்சம் குறையும். இளகிய பழத்தில் புளித்த வாடையில்லாவிட்டால் அன்றே சர்க்கரை போட்டு ஜாமாகக் காய்ச்சுங்கள், சீத்தாவைத் தவிர. கறி, மீன், வெந்த பருப்பு, சோறு, தேங்காய் ஆகியவை குளிர் விட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் ருசி பார்க்கக்கூட வேண்டாம். நேரே குப்பைக்கு.